உரிய மரியாதை

ஒன்பது விநாடிதான் ஓடியது அந்தக் குரல் பதிவு. காவல் நிலையத்தின் பின்னறையில், ஒரு காது மட்டும் சரியாகக் கேட்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, தமிழில் எழுதி, அதற்குக் கீழே நீதிமன்ற மொழியில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கத் துபாஷிக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

துபாஷி என்பது அவள் கணவன் வைத்த பெயர். பதினான்கு வருடமாகக் காவல் நிலையம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று அலைந்து, அந்த ஊர் மொழி தெரியாத தமிழர்களுக்கு வாயாகவும் காதாகவும் இருக்கிறவள். வீட்டில் கேலியாகக் கூப்பிட்ட பெயர் வெளியிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பதிவைக் கொடுப்பதற்கு முன்னால் காவல் அதிகாரி விஷயத்தைச் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேஸ்திரி சரக்கு இறக்கும் மேடைப் படியடியில் மண்டை உடைந்து கிடந்தார், இன்னும் நினைவு திரும்பவில்லை. அங்கே சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிற ஒருவன் அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவரோடு எல்லார் எதிரிலும் சண்டை போட்டிருக்கிறான். கடைசியாக அவரைப் பார்த்ததும் அவன்தான். அன்று சாயங்காலம் மனைவிக்கு அவன் அனுப்பிய குரல் இது.

"இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும். மேஸ்திரிக்கு உரிய மரியாதைய செஞ்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

கட்டையான குரல். சிரிப்பு இல்லை, தயக்கம் இல்லை. துபாஷி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கத் தேவை இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. 'மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்' என்று எழுதினாள். நீதிமன்ற மொழியில் அதைப் படிக்கிற யாருக்கும் அடியும் உதையும் தவிர வேறெதுவும் தோன்றாது. தாளின் அடியில் 'மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. சொல்லுக்கு வேறு பொருள் உண்டானால் அதில் எழுத வேண்டும். அதை வெறுமையாக விட்டுவிட்டு, பிரசவ ஆஸ்பத்திரியில் தனக்காகக் காத்திருக்கிற ஒருத்தியைப் பார்க்க ஓடினாள்.

வண்டிக்காரனை அன்றே உள்ளே வைத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, நீதிமன்ற மூன்றாம் மாடியில் காலைப் பட்டியலைக் கையில் வாங்கியபோதுதான் அதே வழக்குக்குத் தன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று துபாஷிக்குத் தெரிந்தது. சாட்சி, வண்டிக்காரனின் மனைவி. லாண்டரி ஒன்றில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். சுவரோரப் பெஞ்சில் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள், துபாஷி தமிழில் பேச்செடுத்ததும் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா. நீங்க தமிழாக்கா? முன்ன ஃபோன்லயே ஒருத்தர் பேசுவாரு. அவரு சொல்றது எனக்குப் பாதி புரியாது, நான் சொல்றது அவருக்குப் பாதி புரியாது."

"இன்னைக்கு நான் பக்கத்துலயே நிப்பேன்மா. நீங்க நிதானமா பேசுங்க."

"நான் சொல்றத அப்படியே சொல்லிடுவீங்கல்ல?"

"கூட்டாம குறைக்காம சொல்வேன். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

அதற்கு மேல் பேச விதி இல்லை. துபாஷி நகர்ந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டாள். அந்தக் குரல் பதிவின் மொழிபெயர்ப்பை, இப்போது கோப்பில் பதினான்காம் பக்கமாக இருப்பதை, எழுதியது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது. தப்பாக எதுவும் எழுதவில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று அதை அங்கேயே விட்டாள்.

நீதிமன்ற அறை சின்னது. மேடையில் நீதிபதி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற வழக்கம் உள்ள ஒரு அம்மாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வண்டிக்காரன். தோள் மட்டும் அகலமாக இருந்தது, முகம் வற்றிப் போயிருந்தது. அரசு வக்கீல் நிதானமான ஆள். குரலை உயர்த்தாமலே ஒருவரை மூலைக்குத் தள்ளக்கூடியவர் என்று துபாஷிக்கு அனுபவத்தில் தெரியும்.

முதல் அரை மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. கல்யாணம் எப்போது, குழந்தைக்கு என்ன வயது, கணவன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவான். சண்டையைப் பற்றியும் அந்தப் பெண் மறைக்காமல் சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல், லீவு கேட்டான், மேஸ்திரி கொடுக்கவில்லை, இவன் கத்திவிட்டான். பிறகு அரசு வக்கீல் கோப்பைப் புரட்டினார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் மன்னிப்புக் கேட்கத்தான் போனதாகச் சொல்கிறார். ஆனால் அவரே உங்களுக்கு அனுப்பிய செய்தி, பக்கம் பதினான்கு, வேறு மாதிரி இருக்கிறது." வாசித்தார். துபாஷி தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டாள். அதை மறுபடி தமிழாக்கி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"மேஸ்திரிக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, அதுக்கு நீங்க என்ன அர்த்தம் எடுத்துக்கிட்டீங்கன்னு கேக்கறாரு."

அந்தப் பெண் விழித்தாள். "அப்படி அவரு சொல்லவே இல்லையே. உரிய மரியாதைய செஞ்சுட்டு வரேன்னுதான சொன்னாரு. அது என் வார்த்தைக்கா. நான்தான் அன்னைக்குக் காலையில சொல்லி அனுப்பினேன். போய் அவருக்கு உரிய மரியாதைய செய்யுங்க, செஞ்சுட்டு வீட்டுக்கு வாங்க, இல்லன்னா வராதீங்கன்னு சொன்னேன். ஒரு வாரமா சொல்லிட்டே இருந்தேன்."

துபாஷி வாயைத் திறந்தாள். முதல் சொல்லிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அதே சொற்கள். கோப்பில் இருக்கிற மாதிரி இதையும் சொன்னால், புருஷனை அடிதடிக்கு ஏவி அனுப்பியவள் இவள் என்று ஆகிவிடும். அரசு வக்கீல் அதற்காகவே காத்திருப்பது போலப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இல்லை, இவள் சொல்கிற அர்த்தத்தில் சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால், அதே வார்த்தைக்குக் காலையில் ஒரு அர்த்தம், சாயங்காலம் ஒரு அர்த்தமா? பதினான்காம் பக்கம் என்ன ஆகும்? அந்தப் பக்கத்தை நம்பித்தானே மூன்று மாதமாக ஒருவனை அடைத்து வைத்திருக்கிறார்கள்?

குரல் அவள் காதில் மறுபடி ஓடியது. செஞ்சுட்டுத்தான் வருவேன். அந்த 'தான்' அவளுக்கு அன்று பல்லைக் கடித்துச் சொன்ன மாதிரி கேட்டது. இப்போது, பெண்டாட்டியின் கண்டிப்புக்குத் தலையாட்டுகிற ஒருவனின் அலுப்பாகக் கேட்டது.

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் நீதிபதி.

துபாஷி நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "நான் நீதிமன்றத்திடம் ஒன்று சொல்ல வேண்டும்."

"சாட்சி சொன்னதை மட்டும் சொல்லுங்கள்."

"அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. சாட்சி இப்போது சொன்ன வார்த்தையும் பதினான்காம் பக்கத்தில் உள்ள வார்த்தையும் ஒன்றே. அந்தப் பக்கத்தை எழுதியது நான். அது தவறு என்று நினைக்கிறேன்."

என்ன நடக்கிறது என்று ஒரு எழுத்தும் புரியாத அந்தப் பெண் துபாஷியின் முழங்கையைத் தொட்டாள்.

"என்னக்கா ஆச்சு? நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா? என்னால அவருக்கு எதாவது ஆயிடுச்சா?"

பதில் சொல்லத் துபாஷிக்கு அனுமதி இல்லை. பார்வையை மேஜை மேலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஒத்திவைத்தார்கள். வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிக் கூப்பிட அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. துபாஷி படிக்கட்டில் உட்கார்ந்து கணவனுக்கு ஃபோன் போட்டாள். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீ தப்பா எழுதினியா, தப்பா கேட்டியா?"

"தப்பா கேட்டுட்டேன்."

"அப்ப அதையே சொல்லிடு. எழுத்துப் பிழைன்னு மழுப்பாத."

"பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க."

"எடுத்தா எடுக்கட்டும். இங்க வந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடு. அந்த பாஷையும் நீ கத்துக்குவ."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்து நடக்க முடிந்தது.

மறுபடி அறைக்குள் போனபோது அவள் நிற்க வேண்டிய இடம் மாறியிருந்தது. எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்ற சாட்சிக் கூண்டில் இப்போது தனியாக ஏறினாள். புதிதாக வந்த மொழிபெயர்ப்பாளர், நரைத்த மீசைக்காரர், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து இங்கே பேசுவதை அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மெல்ல மாறுவதைத் துபாஷி பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மரியாதை என்ற சொல்லுக்கு என்ன பொருள்?" என்று தொடங்கினார் அரசு வக்கீல்.

"பெரியவர்களுக்கும் தகுதி உள்ளவர்களுக்கும் காட்டுகிற மதிப்பு."

"அது மட்டும்தானா?"

"இல்லை. 'மரியாதையாகப் போய்விடு' என்றால் மிரட்டல். 'மரியாதை கெட்டுவிடும்' என்றால் அடுத்து கை நீளப் போகிறது என்று அர்த்தம். 'அவனுக்கு நல்ல மரியாதை கிடைத்தது' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அவன் அவமானப்பட்டுத் திரும்பினான் என்று அர்த்தம்."

"ஆக, உங்கள் மொழியில் மதிப்புக்கும் உதைக்கும் ஒரே சொல்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "யார், யாரிடம், எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது" என்றாள்.

"எப்படிச் சொன்னார் என்பதை நீங்கள் காதால் கேட்டீர்கள். மிரட்டல் என்று முடிவு செய்தீர்கள். பதினான்கு வருட அனுபவம். சந்தேகம் இருந்தால் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அது வெறுமையாக இருக்கிறது. ஏன்?"

"எனக்குச் சந்தேகம் வரவில்லை."

"இவ்வளவு அர்த்தம் உள்ள சொல்லுக்கு, சந்தேகமே வரவில்லை. இன்று சாட்சியின் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது. அப்படித்தானே?"

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். தப்பிக்க வழி இருந்தது. பதிவு தெளிவாக இல்லை, ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல.

"இல்லை" என்றாள். "எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று இன்று காலைதான் எனக்கே தெரிந்தது. என் அப்பா அந்தச் சொல்லை வேறு எந்த அர்த்தத்திலும் வீட்டில் சொன்னதில்லை. மரியாதையாகச் சாப்பிடு, மரியாதையாகப் படி, மரியாதையாகத் தூங்கு. அந்தச் சொல் வந்தால் அடுத்தது பெல்ட் வரும். வெளியில் எல்லாரும் அவரை மரியாதைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஒரு ஆண் குரல் அந்தச் சொல்லைக் கட்டையாகச் சொன்னால் என் முதுகு இன்னும் விறைக்கும். அன்றைக்கும் விறைத்தது. என் முதுகு கேட்டதைத்தான் நான் எழுதினேன். அந்த இளைஞன் சொன்னதை எழுதவில்லை."

அப்பாவைப் பற்றி அவள் கணவனைத் தவிர வேறு யாரிடமும் பேசியதில்லை. அவரைப் பற்றி நீதிமன்ற மொழியில் பேசுவது இதுவே முதல் முறை.

அரசு வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அடுத்த கேள்வியைத் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனால் கேட்டார். "அப்படியானால் அது மிரட்டல் இல்லை என்று இன்று உறுதியாகச் சொல்வீர்களா?"

ஆம் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் மனைவி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சொல்லில் அவனை வெளியே கொண்டுவந்துவிடலாம்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். "இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பதினான்காம் பக்கத்தை நம்ப முடியாது என்றும், பதிவை வேறு இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும் என்றும், அதுவரை வண்டிக்காரனை ஜாமீனில் விடலாம் என்றும் உத்தரவிட்டார். வழக்கு முடியவில்லை. துபாஷியின் பெயரை விசாரணை முடியும்வரை பட்டியலிலிருந்து நீக்கிவைக்கும்படியும் அதே மூச்சில் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண் அவளை வழிமறித்தாள். அழவில்லை. பேச்சில் 'அக்கா' இல்லை.

"மூணு மாசம்" என்றாள். "புள்ள நடக்க ஆரம்பிச்சுட்டான். அவருக்கு அது தெரியாது. ஃபோன்ல சொன்னா அழுவாருன்னு நான் சொல்லல. நீங்க இருபது நிமிஷத்துல எழுதினீங்களாம். அந்த மீசைக்காரர் சொன்னாரு."

"ஆமாம்மா."

"ஒரு தடவ எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே."

அப்படிக் கேட்க விதி இல்லை. அதை அந்த இடத்தில் சொல்லத் துபாஷிக்கு மனம் வரவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். அந்தப் பெண் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லிஃப்டை நோக்கிப் போனாள்.

ஏழு வாரம் கழித்து மேஸ்திரி சாட்சி சொல்ல வந்தார். நினைவு எப்போதோ திரும்பிவிட்டது, பேச்சுத்தான் இப்போது வந்திருந்தது. துபாஷி வேலை இல்லாதவளாக, பொதுமக்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். வரத்தான் வேண்டுமா என்று கணவன் கேட்டான். வராமல் இருக்க முடியவில்லை. இந்த மனுஷர் வாயிலிருந்து, அவன்தான் தள்ளினான் என்று வந்துவிட்டால்? அப்படியானால் அவளுடைய முதுகு கேட்டதுதான் சரி. அது சரியாக இருந்துவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம்.

மேஸ்திரி கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"வந்தான். எல்லார் முன்னாடியும் பேசணும்னு வந்திருக்கான். அதுக்குள்ள எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் மட்டும்தான் இருந்தேன். அன்னைக்கு உங்கள நீ வா போன்னு பேசிட்டேன்ணே, தப்புன்னான். வேலைக்குச் சேர்த்துவிட்ட மனுஷன இப்படிப் பேசலாமான்னு வீட்டுல சோறு இறங்கலைன்னான். நாளைக்கு எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவ சொல்றேன்னான். வேணாம்டா, போ, உன் சம்சாரம் காத்திட்டிருக்கும்னேன்."

"பிறகு?"

"போயிட்டான். அவன் வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. நான் கதவ சாத்த வெளிய வந்தேன். படியில தண்ணி உறைஞ்சு கிடந்துச்சு. ஐஸ் கரைய உப்புப் போடச் சொல்லி நானே நாலு நாளா எழுதிக் குடுத்திட்டிருந்தேன். கால் வச்சேன், அவ்வளவுதான் தெரியும்."

மீசைக்காரர் 'நீ வா போ' என்ற இடத்தில் தடுமாறினார். நீதிமன்ற மொழியில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லை, எல்லாருக்கும் ஒரே சொல்தான். வயதில் பெரியவரை அப்படிப் பேசுவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. நீதிபதி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அரசு வக்கீல் கேள்வி எதுவும் இல்லை என்றார்.

மத்தியானமே தீர்ப்பு வந்துவிட்டது. நாலு பக்கம். வண்டிக்காரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மீசைக்காரருக்கு அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது, 'விடுதலை' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டு ஓடிவிட்டார். துபாஷி அவர்களைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அந்தப் பெண். "இதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிச்சுச் சொல்ல முடியுமா?"

வண்டிக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "இவங்கதானா அது? வேணாம். வேற யாரையாவது பாக்கலாம்."

"வேற யாரு இருக்கா இங்க? கூண்டுல நின்னு, தெரியாதுன்னு சொன்னாங்கல்ல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி இனிமே சொல்ல மாட்டாங்க. குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. அவள்தான் அவன் கையிலிருந்து எடுத்துத் துபாஷியிடம் நீட்டினாள். அவன் பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து, முழங்காலில் கையை ஊன்றித் தரையைப் பார்த்தபடி இருந்தான். துபாஷி இந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். முதல் வரியை மனதுக்குள் ஒரு முறை, பிறகு இன்னொரு முறை படித்த பிறகே வாய்விட்டுச் சொன்னாள். ஒரு வரிக்கு ஒரு வரி. இரண்டாம் பக்கத்தில் ஒரு சட்டச் சொல் வந்தது.

"இதுக்கு எனக்குச் சரியா அர்த்தம் தெரியல. உங்க வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க" என்றாள்.

அந்தப் பெண் பேனாவால் அதன் மேல் ஒரு வட்டம் போட்டாள். மூன்றாம் பக்கத்தின் நடுவில் வந்தபோது துபாஷியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "குற்றம் சாட்டப்பட்டவர் தன் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்கவே சென்றார் என்பதை இந்த நீதிமன்றம் நம்புகிறது."

வண்டிக்காரன் தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "நம்புதுன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"அதுக்கு அதுதான் அர்த்தமா?"

"அதுக்கு அது ஒண்ணுதான் அர்த்தம்."

அவன் முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டான். "அந்த வரிய இன்னொரு தடவ படிங்க" என்றான்.

துபாஷி தாளை இன்னும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வரியின் தொடக்கத்திலிருந்து படித்தாள்.